விளக்கு வைத்த பிறகு ஒரு டப்பா சுண்ணாம்பு

நாள் 196 | 06:10

கரடு சரக்கு நிலையம். எழுதுவது தனுஷ்கோடி, வயது ஐம்பத்தெட்டு, நிலையப் பொறுப்பாளர். இங்கே இருக்கும் ஒரே ஆளும் நான்தான்.

காற்று சரி. வெப்பம் 22. சுத்திகரிப்பான் ஓடுகிறது. கம்பி வண்டி ஓடுகிறது. அரிசி, மாவு, எண்ணெய் போதும். சுண்ணாம்பு டப்பா 88.

எனக்குப் பின்னால் இந்தப் பொறுப்புக்கு வருகிறவருக்குச் சில விவரம். கரடு என்பது நாங்கள் வைத்த பெயர். விண்வெளி வரைபடத்தில் இந்தப் பாறைக்கு வெறும் எண்தான். ஐந்து மணி நேரத்தில் ஒருமுறை தன்னைச் சுற்றிவிடும். அதன் பகலை நம்பிக் கடை திறந்தால் பைத்தியம் பிடிக்கும். ஆகவே கடிகாரத்தை என் ஊர் சாத்தூர் நேரத்துக்கு வைத்திருக்கிறேன். நான்கு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்க முகாம். முன்பு பதினோரு பேர். இப்போது இரண்டே பேர்: மேஸ்திரி கொம்பையா, அவர் மகள் இசக்கி. தென்காசிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் கேட்பதை, நடுவில் இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடும் வண்டியில் அனுப்புவேன். ஐம்பது நிமிடத்தில் முகாம் வாசலில் நிற்கும்.

சுண்ணாம்பு டப்பா வெற்றிலைக்கு அல்ல. ஆனால் சரக்கு கிட்டத்தட்ட அதேதான். நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமிலவாயுவை அந்தச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். சுத்திகரிப்பான் நின்றுபோனால் உயிர் அதில்தான். வேலை செய்யும்வரை வெள்ளை, தீர்ந்தால் ஊதா. தீர்ந்ததைக் கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் மறுபடி வெள்ளையாகிவிடும். நிறம்தான் திரும்பும், வேலை திரும்பாது. இதைத் தெரியாமல் இந்த வியாபாரத்துக்கு வராதீர்கள்.

08:15. முகாமிலிருந்து கொம்பையா: "அண்ணாச்சி, நேத்து வந்த மாவுல வண்டு. அதையும் சேத்துத்தான் எடை போட்டியளா?"

என் பதில்: "இவ்வளவு தூரம் வந்திருக்கு, அதுக்கு ஒரு மரியாதை குடு."

நாள் 203 | 11:48

சாத்தூரிலிருந்து செய்தி. என் தங்கை செல்லக்கனி. அங்கே பேசியது இங்கே வந்து சேர இருபத்துமூன்று நிமிடம்.

"அண்ணே. அம்மா போயிட்டா. காலைல ஏழரை மணிக்கு. காப்பி கேட்டா, ஆத்திட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீ வர முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒண்ணும் சொல்லல. இவுகதான் கொள்ளி வைக்கப்போறாக. நீ சாப்பிடுண்ணே. அங்க உன்னச் சாப்பிடச் சொல்ல ஆளில்ல, அதான் சொல்றேன்."

என் பதில்: "சரிம்மா."

அது போய்ச் சேரவும் இருபத்துமூன்று நிமிடம்.

காற்று சரி. வெப்பம் 22.

நாள் 209 | 14:20

முகாம் கேட்டது கோதுமை மாவு. நான் அனுப்பியது சலவைத் தூள். நாற்பது வருட வியாபாரத்தில் சரக்கு மாற்றிக் கொடுத்ததில்லை.

கொம்பையா: "அண்ணாச்சி, சப்பாத்தி நுரைக்கி. நல்லா இருக்கு, ஆனா நாளைக்கு வேண்டாம்." பிறகு, வேறு குரலில்: "படுத்து எந்திரிங்க அண்ணாச்சி. ஒரு வாரம் நாங்க உள்ளத வச்சு ஓட்டிக்கிடுவோம்."

படுத்தால் தூக்கம் வருவதில்லை. எழுந்தால் என்ன செய்ய எழுந்தோம் என்று தெரிவதில்லை. இதை எழுதுவது அனுதாபத்துக்காக அல்ல. பொறுப்பாளரின் நிலையும் குறிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி.

நாள் 210 | 16:05

செல்லக்கனி மறுபடி பேசியிருந்தாள்.

"முந்தின நாள் சாயங்காலங்கூட எந்திரிச்சு உக்காந்து, ஸ்விட்சப் போடச் சொல்லி, பல்பப் பாத்துக் கும்பிட்டா. பக்கத்து வீட்டுப் பொண்ணு உப்புக் கேட்டு வந்துச்சு. விளக்கு வெச்சாச்சுடி, காலைல வான்னுட்டா. காலைல அது கிண்ணத்தோட வந்து வாசல்ல நின்னு அழுவுது. நான்தான் குடுத்து அனுப்புனேன்."

மூன்று தடவை கேட்டேன்.

எங்கள் அம்மா வள்ளித்தாய் லேசான ஆளில்லை. ரயில்வே கேட் பக்கம் பெட்டிக்கடை வைத்து என்னையும் தங்கையையும் ஆளாக்கியவள். அந்தப் பெட்டிக்கடையிலிருந்து நான் மொத்த வியாபாரம், குளிர்பதனக் கிடங்கு, தூத்துக்குடியில் கப்பல் சரக்கு, இதோ இந்தப் பாறை என்று வந்தேன். அவள் மாறவில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு, சுண்ணாம்பு, ஊசி, தயிர் நான்கும் வாசல் தாண்டக்கூடாது. வீட்டிலும் அப்படி, கடையிலும் அப்படி. ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நின்றார். அவள் முடியாது என்றாள். நான் பின்பக்கமாகக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வியாபாரம் தெரியாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததே இல்லை.

நாள் 211 | 18:40

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தரைக்கு ஈரத்துணியால் முகம் துடைத்தேன். தலை சீவினேன். வாசல் கதவடியில் படிந்த தூசியை உறிஞ்சி எடுத்தேன். மேசையைத் துடைத்தேன். ஆறு மணிக்குப் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கைப் போட்டேன். நெருப்பு இங்கே கூடாது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன். கடுங்காப்பி குடித்தேன்.

அவ்வளவுதான். அழுகை வரவில்லை. சாமியும் தெரியவில்லை. ஆனால் ஆறு மணிக்கு முன்னால் ஒரு பொழுதும் பின்னால் ஒரு பொழுதும் இருந்தன. எட்டு நாளாக எனக்கு எல்லாம் ஒரே பொழுதாக இருந்தது.

நாள் 212 | 06:00

ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பசிக்கிறது.

நாள் 230 | 18:30

பத்தொன்பது நாளாக விளக்கு வைக்கிறேன். சரக்கு மாறவில்லை. குறிப்புகள் சுத்தமாக இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு நாள், 222, வால்வு பழுது பார்த்ததில் ஆறு மணி தாண்டிவிட்டது. அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஆகவே பழுதோ வேலையோ, ஆறு மணிக்கு விளக்கு என்று முடிவு செய்துகொண்டேன். பிடித்தால் முழுசாகப் பிடிக்க வேண்டும். பாதி பிடித்த கயிறு ஆளைத் தாங்காது.

18:15. கொம்பையா: "அண்ணாச்சி, குழம்பு கொதிக்கி, உப்பு தீந்துபோச்சு. ஒரு பாக்கெட்ட வண்டில போடுங்க."

"விளக்கு வெச்சாச்சு. காலைல அனுப்புறேன்."

"என்னது?"

"விளக்கு வெச்சா உப்புக் குடுக்குறதில்ல."

"ஏ யப்பா! இங்க சூரியனே பட்டாணி அளவு தெரியுது. இவரு அதுல அந்தியக் கண்டுட்டாரு!" பின்னால் இசக்கியின் குரல், அடக்கமாக: "எப்பா, அவுக அம்மா..." பிறகு: "சரி அண்ணாச்சி. உப்பில்லாமத் தின்னா கொதிப்புக் குறையும்னு டாக்டரும் சொல்லியிருக்காரு."

நாள் 244 | 17:30

இப்போதெல்லாம் கொம்பையாவே ஐந்தரைக்குக் கூப்பிடுகிறார். "அண்ணாச்சி, கடைசி மணி அடிக்கேன். வெள்ளையா என்ன வேணும்னாலும் இப்பவே கேட்டுக்கிடணும்லா? ஏளா இசக்கி, உனக்கு ஊசி கீசி வேணுமா? ஆறு அடிச்சா அவுக அம்மா கடைய அடச்சிருவாவ."

கேலிதான். ஆனாலும் ஒரு நாள்கூட ஆறுக்குப் பிறகு எதுவும் கேட்டதில்லை. நல்ல மனிதர்.

காற்று சரி. டப்பா 73.

நாள் 251 | 09:05

கொம்பையா: "தலைய வலிக்கு அண்ணாச்சி. நேத்துப் பிடிச்சு. இசக்கிக்கும் லேசா இருக்கு."

"கண்ணாடிய மாத்து. வயசாகுதுல்ல?"

"இசக்கிக்கு இருவத்தாறு. அவளுக்குமா?"

தலைவலி மாத்திரையும் தைலமும் வண்டியில் அனுப்பினேன்.

18:00. விளக்கு வைத்தேன்.

18:22. கொம்பையா: "அண்ணாச்சி, விளக்கு வச்சிருப்பியள்னு தெரியும். கேக்க மனசு வரல. சுத்திகரிப்பான் நேத்தே நின்னுபோச்சு போல. சங்கு அடிக்கல, இப்பத்தான் பாத்தேன். ரெண்டு டப்பா மாட்டியிருக்கேன். போன வாரம் சுத்திகரிப்பானத் துடைக்கையில மாட்டிக் கழட்டி வச்சது, நல்ல வெள்ளையாத்தான் இருக்கு. இருந்தாலும் புதுசு ஒண்ணு ரெண்டு இருந்தா..."

"கையில ரெண்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"காலைல அஞ்சு மணிக்கு முதல் வண்டி உனக்குத்தான். விளக்கு வெச்சாச்சு கொம்பையா."

"சரி அண்ணாச்சி. அம்மா காரியம். நான் கேட்டதே தப்பு. இசக்கி துளை போடுற இடத்துக்குப் போயிருக்கா, எட்டு மணிக்கு வந்துருவா. காலைல பாத்துக்கிடலாம்."

19:25. மறுபடி கொம்பையா. குரல் குழறுகிறது. "அண்ணாச்சி... அண்ணாச்சி... காப்பி குடிச்சியளா? இங்க எல்லாம் மெத்துன்னு இருக்கு... இசக்கிய எங்க? இப்பத்தான் பள்ளிக்கூடம் விட்டுருப்பாவ..." சிரிக்கிறார்.

"ஏத்திட்டியா? படுத்துத் தூங்கு."

19:40. குடித்திருக்கிறார். விளக்கு வைத்த நேரத்தில் குடிகாரப் பேச்சு வேண்டாம். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன். நல்ல அமைதி.

நாள் 252 | 05:02

ஒலிபெருக்கியைப் போட்டேன். பதிவில் முப்பத்தொரு அழைப்பு. அபாயச் சங்கும் அதே ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

20:07. "அண்ணாச்சி, இசக்கி பேசுதேன். அப்பா கீழ கெடக்காரு. மூச்சு இருக்கு. டப்பா அனுப்புங்க. இப்பவே."

20:11. "அண்ணாச்சி, இருக்கியளா?"

20:30. "விளக்கு வச்சா என்ன, அனுப்புங்க. எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சாரு? அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன்."

மற்றவையும் இதேதான். கடைசி அழைப்பு 04:41. பேச்சு இல்லை. ஒரே ஒரு ஆள் மூச்சுவிடும் சத்தம்.

வண்டியில் நான்கு டப்பா போட்டு அனுப்பிவிட்டேன். வண்டிக்குக் காத்திருக்க முடியாது. உடுப்பு மாட்டுகிறேன்.

நாள் 252 | 13:15

கொம்பையா இறந்துவிட்டார். இசக்கி இருக்கிறாள்.

பார்த்ததை எழுதுகிறேன். அவர் தன் விண்வெளி உடுப்பிலிருந்த டப்பாவையும் கழற்றிச் சுத்திகரிப்பானில் மாட்டியிருந்தார். டப்பா காலையில்தான் என்று நான் சொன்ன பிறகு செய்திருக்க வேண்டும். சின்ன டப்பா, ஒரு மணி நேரம்கூட உதவாது. இசக்கி வந்து, தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவருக்குப் போட்டு, பிறகு தனக்குப் போட்டு, மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். அவரை விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர் நடந்து வர அவளால் முடியவில்லை. விடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் போனபோது கவசம் அவள் தலையில் இருந்தது. அப்பாவின் தலை மடியில் இருந்தது. அவர் நெற்றியில் தைலம் பூசியிருந்தது.

நிலையத்துக்கு வா என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். அவரைத் தூக்கி வெளியே குளிரில், பாறை மறைவில் வைத்தோம். தலைப்பக்கம் அவள் பிடித்தாள்.

இந்தக் குறிப்பில் 18:22 என்பதை, ஒலிபெருக்கியை அணைத்த பிறகு வந்ததுபோல, 19:52 என்று மாற்ற ஒரு விரல் போதும். கை போனது. "கையில் இரண்டு டப்பா இருக்கிறது" என்று அவரே சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம் என்றும் தோன்றியது. வியாபாரி புத்தி. மாற்றவில்லை.

போன வாரம் கழற்றிய டப்பா என்று அவர் சொன்னார். வெள்ளையாக இருக்கிறது என்றார். அது தீர்ந்த டப்பா என்று எனக்குத் தெரியும். நான் விற்கிற சரக்கு. நாள் 196-இல் நானே எழுதியிருக்கிறேன். அந்த நிமிடம் அது என் காதில் விழுந்தது. கைக்கு வந்த சாக்கு என்று பிடித்துக்கொண்டேன். எழுந்துபோய் டப்பாவை எடுத்தால் அம்மா மறுபடி செத்துவிடுவாள் போல இருந்தது. இதைவிடச் சரியாக எழுதத் தெரியவில்லை.

இன்று விளக்கு இல்லை.

நாள் 253 | 18:50

காலையில் வண்டி திரும்பி வந்தது. அனுப்பிய நான்கு டப்பாவில் மூன்று அதிலேயே இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறாள். அங்கே சுத்திகரிப்பான் செத்துவிட்டது. மாற்றுச் சாமான் அடுத்த கப்பலில்தான் வரும், நாள் 301. அதுவரை அவள் ஒருத்திக்கு நாளொன்றுக்கு ஒரு டப்பா வேண்டும். மூன்றையும் ஏன் திருப்பினாள் என்று புரியவில்லை.

17:55. இசக்கி: "அண்ணாச்சி. மணி என்ன?"

"அஞ்சு அம்பத்தஞ்சு."

"விளக்கு வச்சிட்டியளா?"

"இல்ல. இனிமே வைக்கல."

"வைங்க."

"இசக்கி..."

"வைங்கன்னு சொல்லுதேன். கேமராவக் கதவுப் பக்கம் திருப்புங்க. நான் பாக்கணும்."

முகம் துடைத்தேன். தலை சீவினேன். கதவடியில் தூசி எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு விளக்கைப் போட்டேன். "கும்பிடுங்க" என்றாள். கும்பிட்டேன்.

பிறகு இருபத்திரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பையும் துண்டிக்கவில்லை.

18:22. இசக்கி: "அண்ணாச்சி, சுண்ணாம்பு ஒரு டப்பா வேணும்."

"அனுப்புறேன் தாயி."

"தாயின்னு கூப்பிடாதிய."

அனுப்பினேன்.

நாள் 254 | 18:45

நேற்று அவள் கேட்டது ஒன்று, நான் பத்து டப்பா சேர்த்து வைத்து அனுப்பியிருந்தேன். ஒன்பது திரும்பி வந்தது. மாலையில் அதேபோல் விளக்கு, அதேபோல் 18:22.

"ஒண்ணு மட்டும் போதும்," என்றாள். "நாளைக்கு நாளைக்குக் கேக்கேன்."

அவள் கையில் இருப்பு என்று ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. நான் ஒரு நாள் கொடுக்காவிட்டால் மறுநாள் மாலைக்குள் அவள் உயிர் போய்விடும். தெரிந்தேதான் செய்கிறாள்.

நாள் 261 | 19:15

பழி தீர்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பது வருடமாக ஆள் முகம் பார்த்துச் சரக்கு கொடுத்தவன் நான்; குரலை வைத்தே எவர் எதற்கு வருகிறார் என்று சொல்லிவிடுவேன். இவள் குரலில் கோபம் இல்லை. கேட்கும்போது அப்பாவின் குரல் மாதிரியே தாழ்த்திக் கேட்கிறாள். "அனுப்புறேன்" என்று நான் சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். சொன்னதும் விடுகிறாள். அது எனக்குக் கேட்கிறது.

கொம்பையாவுக்கு நான் சொல்லாத அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைக்கிறேன்.

நாள் 270 | 18:30

இசக்கி இன்று இரண்டு வாக்கியம் அதிகம் பேசினாள்: "வண்டி வந்து நிக்குத சத்தம் கேட்டாத்தான் உறக்கம் வருது. உங்களுக்கு எப்படி?"

எனக்கும் அப்படித்தான் என்றேன். உண்மை. காலையிலிருந்து 18:22-ஐ நோக்கித்தான் நடக்கிறேன். மத்தியானமே டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்துவிடுகிறேன். இதில் எனக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் அப்பாவைக் கொன்றது போதாமல், அவள் கேட்பதிலும் எனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா ஞாபகம் குறைந்துவிட்டது. விளக்கைப் பார்த்தால் கொம்பையாதான் வருகிறார்.

நாள் 288 | 22:05

வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. 18:22-க்கு அனுப்பினேன், 18:50-க்கு நின்றது. மோட்டார். சில நாளாகவே ஐம்பது நிமிடம் எழுபதாகியிருந்தது, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். "பதறாத. எடுத்துட்டு நானே வர்றேன்."

"பதறல. அப்பாவும் பதறல."

வேறொரு டப்பாவைத் தோளில் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடியே போனேன். இந்தப் பாறையில் எடை மிகக் குறைவு. வேகமாக எட்டு வைத்தால் மேலே போய்விடுவோம். கையைக் கம்பியிலிருந்து எடுக்கக்கூடாது. நான்கு கிலோமீட்டர். கையுறை தேய்ந்து உள்ளங்கையில் குளிர் ஏறியது. 20:10-க்கு முகாம் வாசல். வெளிக்கதவு திறந்தது. ஒரு கை வந்தது. டப்பாவை வாங்கியது. கதவு மூடியது.

என் கையுறை மேல் அவள் விரல் ஒரு நொடி பட்டது. தெரிந்தா தெரியாமலா தெரியவில்லை. திரும்பி வரும்போது கவசத்துக்குள் சத்தமாக அழுதேன். அம்மாவுக்கு அழாதது அது. கொம்பையாவுக்கா அம்மாவுக்கா என்று பிரிக்க முடியவில்லை.

மோட்டாரை நாளைக்குச் சரி செய்துவிடுவேன். செய்யாவிட்டால் நடப்பேன்.

நாள் 301 | 15:40

கப்பல் வந்துவிட்டது. முகாம் பக்கம்தான் இறங்கியது. தலைமை மாலுமி நாச்சம்மை:

"நிலையம், எங்ககிட்ட ரெண்டு இடந்தான் இருக்கு. ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு, ஒண்ணு அதோட அப்பாவுக்கு. தனியா விட்டுட்டு வரமாட்டேங்குது. அடுத்த கப்பல்ல உங்ககிட்ட விசாரிக்க ஆள் வருது ஐயா. எழுபது நாள். அதுவரைக்கும் நிலையத்தப் பாத்துக்கோங்க. குறிப்புல கை வெக்காதீங்க."

"கை வெக்கல" என்றேன்.

இனி இந்தக் குறிப்பு விசாரணைக்கு வருகிறவர்களுக்கு. நான் சொல்ல வேண்டியது 251, 252 இரண்டிலும் இருக்கிறது. சேர்க்க ஒன்றுமில்லை.

18:00. விளக்கு வைத்தேன். யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

18:22. கப்பலிலிருந்து இசக்கி. நான் எதிர்பார்க்கவில்லை. "அண்ணாச்சி, சுண்ணாம்பு ஒரு டப்பா வேணும்."

"அனுப்புறேன்."

மூச்சை விட்டாள்.

வண்டியில் டப்பாவை வைத்து ஆளில்லாத முகாமுக்கு அனுப்பினேன். சொன்னால் அனுப்ப வேண்டும்.

நாள் 302 | 07:00

வண்டி திரும்பி வந்தது. டப்பா அப்படியே இருக்கிறது.

நாள் 307 | 18:24

குரல் இப்போது பதினேழு நொடி தாமதம். நான் "அனுப்புறேன்" என்று சொல்லி, அது அவளுக்குப் போய், அவள் மூச்சு எனக்குத் திரும்பி வர முப்பத்துநான்கு நொடி. கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுகிறேன்.

நாள் 312 | 18:31

முப்பத்தொரு நொடி. இரைச்சல் அதிகம். இன்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இங்க ஒரு அம்மா எனக்கு மீன் குழம்பு வச்சுக் குடுத்தாவ. நல்லா சாப்பிட்டேன். அண்ணாச்சி, நாளைக்கு..." அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

கேட்பேன் என்றாளா, கேட்க மாட்டேன் என்றாளா தெரியவில்லை. பதிவை இருபது தடவை போட்டுக் கேட்டேன்.

நாள் 313 | 18:00

விளக்கு வைத்தேன்.

18:22. அழைப்பு இல்லை.

18:23. தாமதத்துக்கு ஒரு நிமிடம் சேர்த்தேன். இல்லை.

18:40. இல்லை. நல்லதுதான். சாப்பிட்டாள், தூங்கியிருப்பாள். நல்லதுதான். அவளுக்கு இனி தேவையில்லை. அவளுக்கு

18:52. அனுப்பினேன்.

20:02. வண்டி முகாம் வாசலில் நிற்கிறது. வண்டிச் சுமையை இங்கே காட்டும் எடைப் பலகை, சரக்கு இறங்கவில்லை என்கிறது. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது எடுத்தால் பலகையில் தெரியும்.

20:30. இன்னும் இறங்கவில்லை.

20:31. இறங்கவில்லை.